எதைக் காப்பது? எப்படிக் காப்பது?

வருமுன் காவாதவன் வந்தபின் வருந்துவான். கணிப்பொறி வட்டில் இட்ட எழுத்து என்றும் அழியாது என்று வாளாவிருப்போர்க்கு இது நன்கு பொருந்தும். வட்டு ஒருநாள் பழுதுறும். அது பழுதுறாவிடினும் இயக்குவோன் கை ஒருநாள் தவறும். ஆகலின் காப்புப்படி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. எதனைக் காப்பது என்பதிலேதான் பலர் வழுக்கி விழுகின்றனர்.

அமெரிக்கப் பெல் ஆய்வகத்தார் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட யூனிக்சு ஏழாம் பதிப்பில் ‘டார்’ என்னும் கட்டளை இடம்பெற்றது. நாடாத் தொகுப்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். வேண்டிய கோப்புகளையும் அடைவுகளையும் பெயர் சுட்டிக் காந்த நாடாவில் ஏற்றுவது அதன் பணி. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அஃது இன்றும் வழக்கில் உள்ளது.

‘தேர்ந்தெடுப்பானேன்? வட்டு முழுவதையும் ஏற்றிவிடலாமே!’ என்பார் உளர். இயங்குதளம் கெட்டால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பத்தாண்டு உழைத்துத் தொகுத்த அகரமுதலி கெட்டால் எவரிடம் சென்று கேட்பது? பதரையும் மணியையும் ஒரே குதிரில் கொட்டுவது காப்பாகாது. காக்க வேண்டுவனவற்றின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, அப்பட்டியலையே கட்டளைக்குக் காட்டும் வாய்ப்பு லினக்சில் வழங்கும் ‘டார்’ கட்டளையில் உண்டு. ஆயினும், நேற்றுத் திறந்த புதிய அடைவு அப்பட்டியலில் தானே வந்து அமராது. பட்டியலைத் திங்கள்தோறும் புதுக்காதவன், அதில் எழுத மறந்ததை இழப்பான்.

கட்டளையில் ஓரெழுத்துப் பிழையும் பெருங்கேடாம். ‘சி’ என்னும் எழுத்து, புதிதாக எழுதப் பணிப்பது. ‘எக்சு’, எழுதியதை மீட்கப் பணிப்பது. மீட்க வேண்டிய வேளையில் ‘சி’யை அடித்தால், மீட்க வந்தவனே அழித்தவனாவான். லினக்சில் நாடாக் கருவியை ‘எசுடி0’ என்னும் பெயரால் அழைத்தால், பணி முடிந்ததும் நாடா தொடக்கத்திற்கே சுருண்டுவிடும். அடுத்த படி முன்னைய படியின் மேலேயே பதியும். சுருளாது நிற்க வேண்டின் ‘என்எசுடி0’ எனல் வேண்டும்.

ஏற்றியதோடு கடமை முடிந்ததா? முடியவில்லை. ‘டி’ என்னும் எழுத்தால் நாடாவிலுள்ள பெயர்களைப் படித்துப் பார்த்தல் வேண்டும். ஒரு கோப்பையேனும் வேறோர் அடைவில் மீட்டுத் திறந்து பார்த்தலும் வேண்டும். மீட்டுப் பாராத படி, படியே அன்று.

இக்காலத்தில் நாடா எதற்கு என்று நகைப்பார்க்கும் விடை உண்டு. 2011ஆம் ஆண்டு பிப்பிரவரியில், கூகுள் நிறுவனத்தின் மென்பொருட் பிழையொன்றால் மின்னஞ்சல் பயனர்களுள் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. பல இடங்களில் வைத்திருந்த படிகளும் அப்பிழைக்குத் தப்பவில்லை. கணிப்பொறியினின்று கழற்றித் தனியே வைத்த நாடாக்களே அவற்றை மீட்டுத் தந்தன.

எனவே, தேர்ந்து ஏற்றுக. ஏற்றியதை மீட்டுப் பார்க்க. பார்த்ததைத் தனியே வைக்க. உழைப்பை மதிப்பவன் அதன் காப்பை நாளைக்கென்று தள்ளான்.