நட்சத்திரம் வாங்காதீர்கள் தோழர்களே, தொலைநோக்கியைக் கேளுங்கள்

கடந்த ஏப்ரலில், அண்ணல் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, கோச்சடையில் எங்கள் படிப்பு வட்டத்துத் தம்பிகள் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழோடு வந்து நின்றார்கள். தங்க நிறக் கரை, வட்ட முத்திரை, நடுவில் அண்ணலின் பெயர், கீழே ஏதோ வான ஆயத்தொலை எண்கள்.

"தோழர், அண்ணலை வானத்துல ஏத்திட்டோம்" என்றான் ஒருவன். இணையத்தில் ஒரு கடையில் 4,500 ரூபாய் கட்டி அண்ணல் பெயரில் ஒரு நட்சத்திரம் வாங்கியிருக்கிறார்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் தங்கை, மாநகராட்சியில் குப்பை அள்ளும் ஒரு அம்மா என்று ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட பணம் அது.

அன்று நான் எதுவும் சொல்லவில்லை. விழா முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அந்தச் சான்றிதழுக்கு அது அச்சான காகிதத்தின் விலைகூடக் கிடையாது. வானத்துப் பொருள்களுக்குப் பெயர் வைப்பதில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட ஒரே அமைப்பு சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயரை விற்பதில்லை, விற்கிறவர்களை அங்கீகரிப்பதும் இல்லை. நாங்கள் வாங்கியது அந்தக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி. நாளை அதே நட்சத்திரத்தை அவர் இன்னொருவரின் காதலிக்கும் விற்கலாம்.

தம்பிகளின் முகம் வாடியது. எனக்குக் கோபம் வந்தது. தம்பிகள் மேல் அல்ல. பெயருக்காக இவ்வளவு ஏங்க வைத்த ஒரு சமூகத்தின் மேல். உண்மையில் வானத்தில் பெயர் எழுதும் இடம் எது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை எங்களுக்கு யாருமே சொல்லித்தராததன் மேல்.

அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நட்சத்திரங்களை விடுங்கள். பெயர் வைக்க நிஜமாகவே வழி திறந்திருப்பது சிறுகோள்களுக்கு. பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிவரும் பாறைகள் அவை. ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதும் முதலில் ஒரு தற்காலிகக் குறியீடு கிடைக்கும். 1988 பிப்ரவரி 17 அன்று நம் ஜவ்வாது மலை காவலூர் வான் ஆய்வகத்தில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கிடைத்தது '1988 டி.க்யூ.1'. முதலில் வருவது ஆண்டு. 'டி' என்றால் பிப்ரவரியின் இரண்டாம் பாதி. அடுத்த எழுத்தும் எண்ணும் அந்த அரை மாதத்தில் அது எத்தனையாவது கண்டுபிடிப்பு என்பதைச் சொல்லும். பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து அதன் பாதை உறுதியான பிறகு நிரந்தர எண் வரும். இதற்கு வந்தது 4130. எண் வந்த பிறகுதான் பெயர். முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்தாண்டுகள் இருக்கும். ஒன்றியத்தின் பெயரிடும் குழு அதை ஆராய்ந்து ஏற்கும்.

விதிகள் எளிமையானவை. ஆங்கில எழுத்தில் பதினாறுக்குள் இருக்க வேண்டும். முடிந்தவரை ஒரே சொல்லாக, உச்சரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். யாரையும் இழிவுபடுத்தக் கூடாது. வணிக விளம்பரம் கூடாது. செல்லப் பிராணிகளின் பெயர் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வானியலாளர் தன் பூனையின் பெயரை 2309ஆம் சிறுகோளுக்கு வைத்துவிட்டதால் வந்த வினை. எண் பெற்ற சிறுகோள்கள் இன்று ஏழு லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெயர் கிடைத்தவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மிச்சமெல்லாம் வெறும் எண்ணோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அப்படியென்றால் வானம் காலியாகத்தானே கிடக்கிறது, இதில் என்ன சண்டை என்று கேட்கலாம். சண்டை முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

1801 சனவரி 1 அன்று இத்தாலியில் முதல் சிறுகோளைக் கண்டுபிடித்த பியாசி, சீரிஸ் என்ற தெய்வத்தின் பெயரோடு தன் அரசர் பெர்டினாண்டின் பெயரையும் ஒட்டவைத்தார். மற்ற நாட்டவர் அரசரை வெட்டிவிட்டுத் தெய்வத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1850இல் ஓர் ஆங்கிலேயர் 12ஆம் சிறுகோளுக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தபோது, அமெரிக்கர்கள் சிலர் இது ராணிக்குப் போடும் கும்பிடு என்று எதிர்த்தார்கள். விக்டோரியா ரோமானிய வெற்றித் தெய்வம்தானே என்று சமாளித்தார்கள். 1885இல் ஆஸ்திரியாவின் பாலிசா, கிரகணம் பார்க்கப் போகும் செலவுக்காகப் பெயரிடும் உரிமையை 50 பவுண்டுக்கு விலை பேசினார். ராத்ஷைல்டு பிரபு வாங்கித் தன் மனைவி பெட்டினாவின் பெயரைச் சூட்டினார். 250ஆம் சிறுகோள் இன்றும் பெட்டினாதான். அரசனுக்கும் பணக்காரனுக்கும் அன்றைக்கே வழி இருந்தது. எங்கள் 4,500 ரூபாய்க்குத்தான் வழியில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1861 ஏப்ரல் 17 அன்று சென்னை வான் ஆய்வகத்தில் நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. பெயர் 'ஆசியா', எண் 67. ஒரு கண்டத்தின் பெயரை அந்தக் கண்டத்து மக்களைக் கேட்காமலே வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய ஆய்வகம். அதே ஆய்வகத்தில் 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். அவர் திறமைசாலி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரரின் தொலைநோக்கிக்கு அருகில் போன அந்த இந்தியர், ஏற்கெனவே வானத்தைத் தன் குலத்தொழிலாக வைத்திருந்தவராக இருந்தது தற்செயலா?

இப்போது தமிழ்நாட்டோடு தொடர்புடைய, பரவலாக அறியப்பட்ட சிறுகோள் பெயர்களைப் பாருங்கள். காவலூரில் கண்டுபிடித்த 4130 ராமானுஜன். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரில் 1958 சந்திரா. செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரில் 4538 விஷியானந்த். மூவரும் தகுதியானவர்கள். அந்தத் தகுதியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மூவரும் எந்த ஒரே சாதியில் பிறந்தவர்கள் என்று உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். மூன்று தலைமுறையாகப் பேனா யார் கையில் இருந்ததோ அவர்களின் பெயர் வானத்துக்குப் போயிருக்கிறது. காவலூர் தொலைநோக்கி நிற்கும் மலை யாருடையது? மலையாளிப் பழங்குடிகளுடையது.

புராணப் பெயர்களிலும் இதே கதைதான். 1170 சிவா, 4034 விஷ்ணு, 2415 கணேசா. ஐரோப்பியர் படித்த இந்து மதப் புத்தகங்களில் இருந்த தெய்வங்கள் இவை. பூமியின் பாதைக்கு அருகில் வரும் சிறுகோள்களுக்குப் பொதுவாகப் புராணப் பெயர் வைப்பது மரபு. மதுரைக்காரர்களே, மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே நிற்கிற மதுரைவீரன் அதற்குத் தகுதியில்லாதவரா? மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாமியானவர். ஆங்கிலத்தில் எழுதினாலும் பதினாறு எழுத்துக்குள் அடங்கிவிடுவார். முன்மொழிய ஆள்தான் வேண்டும்.

"வானத்திலுமா சாதியைத் தேடுகிறீர்கள்? பெயரில் என்ன இருக்கிறது?" என்று முகநூலில் ஒரு நண்பர் எழுதினார். பெயரில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவருக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதவரைக் கேளுங்கள்.

1978இல் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அண்ணலின் பெயரைச் சூட்ட மகாராட்டிரச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தலித் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. பெயர்ப் பலகை மாற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் ஏன்? 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைச் சுமப்பதைவிடப் பெயரே இல்லாமல் ஓடுவது நல்லது என்று தமிழ்நாட்டுப் பேருந்துகள் அன்றிலிருந்து ஊர்ப் பெயரோடு மட்டும் ஓடுகின்றன.

கோச்சடை என்ற பெயரைக் கேட்டாலே 'கோச்சடையன்' என்ற பாண்டியப் பட்டம் நினைவுக்கு வரும். அரசனுக்கு ஊரே பெயராக நிற்கிறது. நமக்கு? 'காலனி'. 2025 ஏப்ரலில்தான் அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தெரு, ஊர்ப் பெயர்களில் உள்ள சாதியை நீக்கும் அரசாணை அக்டோபரில் வந்தது. தரையில் நிலைமை இதுவாக இருக்கும்போது, வானத்தில் ஒரு சட்டகச் சான்றிதழுக்கு என் தம்பிகள் ஏமாந்ததை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்?

சரி, பெயரிடும் குழுவிடம் நேராகப் போய் அண்ணலின் பெயரைக் கேட்டால்? ஒரு விதி குறுக்கே நிற்கும். முதன்மையாக அரசியலாலோ இராணுவத்தாலோ அறியப்பட்டவர்கள் இறந்து நூறு ஆண்டுகள் ஆக வேண்டும். அந்தக் கணக்கில் அண்ணலுக்கு 2056, பெரியாருக்கு 2073. சர்வாதிகாரிகள் தங்கள் பெயரை வானத்தில் எழுதிவிடக் கூடாது என்பதற்கான விதி, நல்ல விதிதான். ஆனால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் பெயரில் 2305 கிங் இருக்கிறது. பேருந்தில் எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் இறந்தது 2005இல். நூறு ஆண்டுகள் காத்திருக்காமலே 284996 ரோசாபார்க்ஸ் வந்துவிட்டது. மலாலா உயிரோடிருக்கும்போதே 316201 மலாலா சுற்றிவருகிறது. அவர்கள் உரிமைப் போராளிகள் என்று ஏற்கப்பட்டார்கள். மகாடு குளத்தில் 1927இல் தண்ணீர் அள்ளியவர் மட்டும் அரசியல்வாதியா? கொலம்பியா பல்கலைக்கழக முனைவர், லண்டன் பொருளாதாரப் பள்ளியின் டி.எஸ்சி., ரூபாயின் சிக்கலை ஆராய்ந்த பொருளியலாளர், சட்ட அறிஞர். இதை எழுதி வாதாட முடியும். நூறு ஆண்டு விதியே தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். சாவித்திரிபாய் புலே மறைந்தது 1897இல். அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தது 1914இல். இருவருக்கும் நூறு ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது.

ரோசா பார்க்ஸும் மலாலாவும் எப்படிப் போனார்கள் தெரியுமா? நாசாவின் வைஸ் விண்தொலைநோக்கிக் குழு கண்டுபிடித்த சிறுகோள்கள் அவை. சிறுகோள் பெயர்களில் பெண்கள், குறிப்பாகக் கறுப்பின, பழுப்பு நிறப் பெண்கள் மிகக் குறைவு என்பதை அந்தக் குழுவில் இருந்த பெண் விஞ்ஞானிகள் கவனித்தார்கள். முன்மொழிந்தார்கள். விஷியானந்த் எப்படிப் போனது? 1988இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டுப் பெயரில்லாமல் கிடந்த சிறுகோள் அது. சிறுகோள் மையத்தில் வேலை பார்த்த ஒரு செஸ் பிரியர் முன்மொழிந்தார். ஆக, விதி யாரையும் சாதி கேட்டு விரட்டவில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு யாரைத் தெரியுமோ அவர் பெயர் போகிறது. நாம் உள்ளே இல்லை. பிரச்சினை மொத்தமும் இதுதான்.

அதனால்தான் தோழர்களே, நட்சத்திரம் வாங்காதீர்கள் என்கிறேன். உண்டியல் குலுக்கி வாங்கும் பெயர் ஒரு கடைக்காரனின் கல்லாவில் முடியும். கேட்க வேண்டியது வேறு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு ஒவ்வொரு தொலைநோக்கி கேளுங்கள், அதைப் பூட்டி வைக்காத ஓர் ஆசிரியரையும் கேளுங்கள். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இருக்கும் ஹைடெக் லேப் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். ஹவாய்த் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் அனுப்பி, அவற்றில் நகரும் புள்ளிகளைத் தேடவைக்கும் பன்னாட்டுத் திட்டம் ஒன்று பல ஆண்டுகளாக நடக்கிறது. இந்தியப் பள்ளிக் குழந்தைகளும் அதில் புதிய சிறுகோள்களைக் கண்டிருக்கிறார்கள். கணினி, இணையம், பொறுமை போதும். கண்ட புள்ளிக்கு நிரந்தர எண் வரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகட்டும். நமக்குக் காத்திருப்பது புதிதா?

அந்தச் சான்றிதழ் இன்னும் எங்கள் படிப்பு வட்டச் சுவரில்தான் தொங்குகிறது. எடுக்க வேண்டாம் என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டேன். ஏமாந்த கணக்கும் நம் வரலாறுதான். இதையெல்லாம் நான் விளக்கி முடித்த அன்று, எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்: "அண்ணே, அந்தக் கமிட்டியில சேர என்ன படிக்கணும்?"

யாருடைய பெயர் வைக்கலாம் என்று அவள் கேட்கவில்லை. பெயர் வைக்கும் இடத்துக்குப் போகும் வழியைக் கேட்டாள். எங்கள் படிப்பு வட்டத்தின் அடுத்த உண்டியல் அவளுக்காகத்தான்.