மடக்குக் கத்தியும் மயக்கும் அழகும்

மடக்குக் கத்தி வாங்கும்போது வடிவமைப்பைப் பார்ப்பதா, செய்நேர்த்தியைப் பார்ப்பதா என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களிற் பெரும்பாலோர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்பவர்கள். விடுமுறையில் தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ வரும்போது, தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணனுக்கோ மாமாவுக்கோ ஒரு கத்தி கொண்டுவர விரும்புகிறார்கள். கேள்வியோடு ஒரு முடிவும் அவர்களிடம் ஆயத்தமாக இருக்கிறது. "இப்போது எல்லாவற்றையும் இயந்திரந்தானே செய்கிறது? எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் ஒன்றுதான். ஆகவே வடிவமைப்பு நன்றாக இருந்தாற் போதும்" என்கிறார்கள்.

இந்த முடிவு ஆபத்தானது. அதை வெறும் இரசனை வேறுபாடு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அழகான கடிகாரம் பிழையாக ஓடினால் நேரந்தான் தவறும். அழகான மடக்குக் கத்தி பிழையாக மடங்கினால் விரல் போகும்.

முதலில் மடக்குக் கத்தி என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் மிகக் கடினமான வெட்டுவேலை கவ்வாத்து. நிலத்தின் உயரத்தைப் பொறுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டித் தாழ்த்துகிறார்கள். முற்றிய கிளை சாய்வாக, சுத்தமாக அறுபட வேண்டும். பிளந்தால், அந்தப் பிளவில் நீர் இறங்கி மரம் உக்கத் தொடங்கும். இந்த வேலைக்கு எவரும் மடக்குக் கத்தியோடு மலையேறுவதில்லை. கவ்வாத்துக் கத்தி மடங்காதது. அதில் மூட்டு என்று ஒன்று இல்லை. மூட்டு இல்லாத இடத்தில் ஆட்டமும் இல்லை.

மடக்குக் கத்தியோ சட்டைப்பையில் அடங்குவதற்காகத் தன்னைத் தானே இரண்டாக முறித்துக்கொண்ட கத்தி. உரமூடையின் தையலை அறுக்கவும், நாற்றுப் பைக்குப் பொலித்தீன் நறுக்கவும், கயிறு வெட்டவும், லயத்துக்குப் பின்னாலுள்ள தோட்டத்தில் லீக்ஸ் அறுக்கவும் அது போதும். ஆனால் முறிந்த இடத்தை ஓர் ஆணியும் ஒரு வில்லும் தாங்கி நிற்கின்றன. யாழ்ப்பாணத்தார் இதனை வில்லுக்கத்தி என்பார்கள். பெயர் வைத்தவர் சரியான இடத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். இந்தக் கத்தியின் உயிர் பிடியின் வளைவிலோ அலகின் மினுக்கத்திலோ இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த வில்லிலும் ஆணியிலும் இருக்கிறது.

என் வாதம் இதுதான்: வடிவமைப்பு எவ்வளவு சிக்கலாகிறதோ, அவ்வளவு உயர்ந்த செய்நேர்த்தியை அது கோரும். ஆகவே கையிலுள்ள பணத்துக்கு எந்த வடிவத்தை ஒழுங்காகச் செய்ய முடியுமோ, அந்த எளிய வடிவத்தையே வாங்க வேண்டும். சிறிய பணத்துக்குப் பெரிய வடிவத்தை வாங்குவது, பலகைச் சுவரின் மேல் கொங்கிரீட் கூரை போடுவது போன்றது.

பூட்டையே எடுத்துக்கொள்வோம். இன்று விற்பனையாகும் மடக்குக் கத்திகளிற் பல, விரித்தவுடன் உட்தகடு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிப்பகுதியை முட்டுக்கொடுத்து நிறுத்தும் வகையைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கல் வோக்கர் 1980களில் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். அருமையான சிந்தனை, ஒரு கையாலேயே திறந்து மூடலாம். ஆனால் அந்தத் தகடு போதிய தடிப்போடு இருக்க வேண்டும். அது முட்டும் முகத்தின் சாய்வு சரியாகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும். சாய்வு பிசகினாலோ தகடு மெலிந்திருந்தாலோ, அழுத்தும்போது தகடு வழுக்கி அலகு விரல்களின் மேல் மூடும். படத்தில் நல்ல பூட்டும் கெட்ட பூட்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பூட்டில்லாத கத்தி வைத்திருப்பவருக்கு அது மடங்கும் என்று தெரியும். அதற்கேற்பவே விரலை வைப்பார், பலத்தைக் கொடுப்பார். பூட்டுள்ள கத்தி வைத்திருப்பவர் அதை நம்பி முழு பலத்தையும் கொடுப்பார். நம்பக்கூடாத பூட்டை நம்பவைப்பது, பூட்டே இல்லாததிலும் கொடுமை. கொழுந்து பறிப்பது பெருவிரலும் சுட்டுவிரலுமே. சுட்டுவிரலின் தசைநாண் அறுந்தால், அந்தக் குடும்பத்தின் வருமானத்தில் ஒரு பங்கு அறுந்தது என்று பொருள்.

எளிய வடிவம் என்பதால் தாழ்ந்த வடிவம் என்று எண்ணிவிடாதீர்கள். யப்பானில் 1890களிலிருந்து செய்யப்படும் ஹிகோனோகாமி என்ற கத்தியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. மடித்த தகடு ஒன்று பிடி. அதற்குள் ஓர் அலகு. அலகின் பின்னால் நீண்டிருக்கும் சிறு நாக்கைப் பெருவிரலால் அமர்த்திப் பிடிக்க வேண்டும். கெட்டுப்போவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் யோசப் ஒபினெல் 1890இல் செய்த கத்தியும் அத்தகையதே. மரப்பிடி, அலகு, ஆணி, ஒரு கழுத்துப்பட்டி. 1955இல் சுழலும் பூட்டு வளையம் ஒன்று சேர்ந்தது. வளையத்தைத் திருப்பினால் அலகு நிற்கிறது. வளையம் பூட்டியிருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதற்கும் குறையுண்டு. மரப்பிடி ஈரத்தில் பருக்கும். அலகு உள்ளே இறுகி வெளியே வர மறுக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தலவாக்கலையில் வாரக்கணக்கில் துணி காயாது. மரம் மட்டும் காய்ந்துவிடுமா? இங்கு வேலை செய்பவருக்கு அதைக் கொடுப்பதாயின் மூட்டில் எண்ணெயோ மெழுகோ இடச் சொல்லிக் கொடுங்கள். ஒரு நாட்டில் சிறந்த வடிவம் இன்னொரு நாட்டின் மழையில் அப்படியே சிறப்பதில்லை.

வடிவத்தின் பெயரை மட்டும் வாங்குவோருக்கு லயோல் கத்தியின் கதை பாடம். பிரான்சின் அவேரோன் பகுதியிலுள்ள சிறு ஊர் லயோல். அங்கு 19ஆம் நூற்றாண்டில் பிறந்த மெல்லிய வளைவுடைய கத்தி, முதுகிலுள்ள ஈ வடிவச் சின்னத்தோடு உலகப் புகழ் பெற்றது. புகழ் வந்ததும் அதே வளைவும் அதே சின்னமும் மலிவான கத்திகளிற் பதிந்து, ஆசியத் தொழிற்சாலைகளிலிருந்து குவியத் தொடங்கின. ஊராரல்லாத ஒருவர் 1993இல் அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்தார். தன் சொந்தப் பெயருக்காக அந்த ஊர் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. வளைவைப் படியெடுக்க ஒரு பிற்பகல் போதும். வில்லைப் பதப்படுத்தும் கையைப் படியெடுக்க முடியாது.

மலையகத்தாருக்கு இது புதிய செய்தியா? வேறு நாட்டுத் தேயிலையைக் கலந்து 'சிலோன் டீ' என்று விற்கிறார்கள் என்று நாம் எத்தனை காலமாகக் குமுறுகிறோம்! அதற்காகத்தானே தேயிலைச் சபை சிங்க இலச்சினையை வைத்துக் காவல் செய்கிறது. தேயிலையில் பெயரை நம்பாதே, உள்ளிருப்பதைப் பார் என்று உலகத்துக்குச் சொல்லும் நாம், கத்திக் கடையில் பெயரையும் வளைவையும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்.

எதிர்வாதம் ஒன்றுக்கு மறுமொழி கூற வேண்டும். வடிவமைப்பு முக்கியமே இல்லையா என்று கேட்பார்கள். மிக முக்கியம். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் இனத்தெரிவுகள் தோட்டங்களில் பரவியது விதையால் அன்று, வெட்டுத்துண்டால். ஓர் இலையும் ஓர் அரும்பும் கொண்ட சிறு தண்டைச் சாய்வாக, நசுங்காமல் வெட்டி நாற்றுப் பையில் ஊன்றுகிறார்கள். நாள் முழுவதும் அந்த வேலையைச் செய்யும் கைக்குப் பிடி உறுத்தக்கூடாது. அலகு மெல்லியதாக இருக்க வேண்டும். இவை வடிவமைப்பின் வேலைகளே. பிடி உள்ளங்கையைக் கொப்புளமாக்கினால், எவ்வளவு உறுதியாகச் செய்யப்பட்டிருந்தாலும் அந்தக் கத்தி பெட்டிக்குள் உறங்கும். நான் எதிர்ப்பது கைக்கான வடிவமைப்பை அன்று. கண்ணாடிப் பெட்டிக்கான வடிவமைப்பை. துளையிட்ட அலகு, கறுப்புப் பூச்சு, இராணுவத் தோற்றம் ஆகியவை எந்தத் தண்டையும் நசுங்காமல் வெட்ட உதவுவதில்லை.

பல கருவிகள் அடங்கிய கத்தியைக் காட்டி மடக்க நினைப்போரும் உண்டு. சுவிற்சர்லாந்தின் கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த கத்தி சிக்கலான வடிவந்தானே என்பார்கள். ஆம். ஒரே வில்லைக்கொண்டு இரு பக்கக் கருவிகளையும் இயக்கியது அவரது சாதனை. ஆனால் கருவிக்கொரு மூட்டு, மூட்டுக்கொரு சோதனை. அந்த நிறுவனம் நிலைத்தது ஒவ்வொரு மூட்டும் ஒரே சத்தத்தோடு மூடியதால். அதன் சிவப்பு நிறத்தை மட்டும் படியெடுத்தவற்றில் கத்தரிக்கோல் கடதாசியைக்கூட மடித்துத் தள்ளுகிறது.

உருக்கைப் பற்றியும் ஒரு சொல். 'ஸ்டெயின்லெஸ்' என்று அலகிற் பொறித்திருப்பது எளிதில் துருப்பிடிக்காது என்பதை மட்டுமே கூறும். கூர் நிற்குமா என்பதைக் கூறாது. அதைத் தீர்மானிப்பது நம் ஊர்க் கொல்லர் தோய்ச்சல் என்று சொல்வது: பழுக்கக் காய்ச்சி, தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றும் கலை. தோய்ச்சல் குறைந்தால் அலகு மடியும், மிஞ்சினால் முறியும். சாதாரண கரி உருக்கு அலகு தேயிலைச் சாற்றில் கறுக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை போன்ற நிறத்தை உண்டாக்குவதே காரணம். அந்தக் கறுப்பு குற்றமில்லை. செந்நிறத் துருவே குற்றம். துடைத்துவைத்தால் அது வராது.

இனிப் பணக் கணக்கு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அந்த 1350 ரூபாவையே அளவுகோலாகக் கொள்வோம். ஒரு நாட்சம்பளத்துக்கு வாங்கிய பகட்டுக் கத்தி ஆறு மாதத்தில் ஆட்டங் கண்டால், பத்து ஆண்டில் இருபது கத்திகள், 27,000 ரூபா. நான்கு நாட்சம்பளம், அதாவது 5400 ரூபா கொடுத்த எளிய கத்தி அதே பத்து ஆண்டும் உழைத்தால் மிச்சம் 21,600 ரூபா. ஆனால் நான்கு நாட்சம்பளத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க இயலாதவர், மலிவானதை மீண்டும் மீண்டும் வாங்கி அதிக விலை கொடுக்கிறார். ஏழைக்கு எல்லாமே விலை கூடுதல் என்பதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவரின் பணம் உண்மையில் உதவக்கூடிய இடமும் இதுவே. அந்தப் பணத்தைப் பளபளப்பில் செலவிடுவது பரிசாகாது.

கடையில் என்ன பார்ப்பது? கத்தியை விரித்து, அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். விரிக்கும்போதும் மடக்கும்போதும் வில் தயங்காமல் தெளிந்த ஒலியோடு இழுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே ஒளி ஒழுகக்கூடாது. மடக்கிய நிலையில் அலகு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ஆணி கோணல். பூட்டு இருந்தால், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள், பூட்டு அசையக்கூடாது. இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் ஆகாது. கடைக்காரர் முகஞ்சுளித்தால் அதுவும் ஒரு விடையே.

இத்தனையும் தேறிய கத்திகள் இரண்டு இருந்தால், அவற்றில் அழகானதை எடுத்துக்கொள்ளுங்கள். அழகுக்கு நான் பகைவன் அல்லன். ஆனால் அதன் முறை கடைசியில் வரும். ஆணியும் வில்லும் தோய்ச்சலும் தேர்வு பெற்ற பின்னர்.