சவலைப் பிள்ளைக்கும் மடி வேண்டும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் மூன்று சகோதரிகள் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "இரண்டாவது பிறந்ததிலிருந்து என் மூத்த குழந்தை பழைய குழந்தையாகவே இல்லை. தொட்டதற்கெல்லாம் அழுகை. தூங்குகிற தம்பியைக் கிள்ளுகிறாள். படுக்கையில் ஒன்றுக்குப் போவது நின்றிருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. சாப்பாடும் சரியில்லை. அடித்தும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?" மூன்று கடிதங்களின் சாரமும் இதுதான்.

சகோதரிகளே, இந்தக் குழந்தைக்கு நம் பாட்டிமார் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். சவலைப் பிள்ளை! தாய் அடுத்ததை உண்டாகியோ பெற்றோ விட்டதால் பால் இல்லாமல் மெலிந்து போகிற மூத்ததைத்தான் அப்படிச் சொல்வார்கள். "குழந்தை சவலை பாய்ஞ்சு கிடக்கு, பார்த்து ஊட்டுடி" என்று பெரியவர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இந்த விஷயத்தைக் கவனித்தவர்கள் நாம் மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் இப்போது கானா என்கிற நாடு, 1930-களில் 'கோல்ட் கோஸ்ட்' என்ற பெயரில் இருந்தது. ஜமைக்காவில் பிறந்த ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் அங்கே குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்து வந்தார். கை கால் வீங்கி, தோல் உரிந்து, எதிலும் நாட்டமில்லாமல் சோர்ந்து கிடந்த சின்னக் குழந்தைகள் பலரை அவர் பார்த்தார். தாய்ப்பால் நின்றபின் வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகள் அவர்கள். 1933-ல் அதைப் பற்றி எழுதினார். 1935-ல் எழுதிய கட்டுரையில், அந்த ஊர்த் தாய்மார் சொன்ன பெயரையே நோய்க்கு வைத்தார்: 'குவாஷியோர்க்கர்'. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வருகிற நோய் என்று அதற்கு அர்த்தம். உலகத்து வைத்தியப் புத்தகங்களில் எல்லாம் இன்றும் அதே பெயர்தான்.

அங்கே சொன்னது வீக்கம், இங்கே சவலை என்பது மெலிவு. இரண்டும் ஒரே நோய் இல்லை. கடிதம் எழுதியவர்களின் குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட நோய் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தாயும் நம் வீட்டுப் பாட்டியும் ஒரே சமயத்தைத்தான் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அடுத்தது வருகிற சமயம் மூத்ததற்கு ஆபத்தான சமயம். அதற்கு வயிற்றுச் சாப்பாடும் குறைகிறது, மடியும் போகிறது. வீம்பு என்று நாம் நினைப்பதில் பாதி அதன் பசி, பாதி அதன் பயம். ஆகவே இரண்டையும் கவனிக்க வேண்டும்.

முதலில் வயிறு. பிரசவமான வீட்டு அடுப்பைப் பாருங்கள். பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் என்று பத்தியச் சமையல் ஒரு பக்கம். வெந்நீர், குழந்தைத் துணி, வருகிறவர்களுக்குக் காபி இன்னொரு பக்கம். சமைக்கிற அம்மாவுக்கோ மாமியாருக்கோ இருப்பது இரண்டு கைதானே? மூத்ததற்கென்று தனியாகப் பருப்பு வேகவைக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. காலையில் ரசம் சாதம், ராத்திரியும் ரசம் சாதம், நடுவில் பார்க்க வந்தவர்கள் கொடுத்த பிஸ்கட்! பத்தியம் தாய்க்கா, மூத்ததற்கா என்றே தெரியாது. இப்படி இரண்டு மாதம் போனால் எந்தக் குழந்தையும் இளைக்கத்தான் செய்யும்.

இரண்டு வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாது. மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு தடவை சிற்றுண்டியும் வேண்டும். குழைய வெந்த பருப்பும் நெய்யும் போட்ட சாதம், மசித்த கீரை, கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், பால் அல்லது தயிர். சாப்பிடுகிற வீட்டில் தினம் ஒரு முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலையும் நல்லதுதான், ஆனால் முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வறுத்துப் பொடித்துச் சேருங்கள். ஏழாம் மாதமே கேழ்வரகு, பொட்டுக்கடலை, பயறு இவற்றை வறுத்து அரைத்து டப்பாவில் போட்டு வைத்தால் சமயத்துக்குக் கைகொடுக்கும். 'மூத்ததற்கு இன்ன இன்ன வேளைக்கு இன்னது' என்று ஒரு காகிதத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டியும் விடுங்கள்.

இன்னும் பால் குடிக்கிற குழந்தையாக இருந்தால்? "வயித்துப் பிள்ளைக்காரி பால் கொடுத்தா மூத்ததுக்கு ஆகாது, விஷம்" என்று சொல்வார்கள். அது சரியில்லை. ஆரோக்கியமான கர்ப்பிணி, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு, மூத்ததற்கும் பால் கொடுக்கலாம். முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், இப்போது உதிரப்போக்கு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். நாலாம், ஐந்தாம் மாதத்தில் பால் குறைந்து ருசியும் மாறுவதால் பல குழந்தைகள் தாமே விட்டுவிடும். பிறந்தபிறகும் குடித்தால், சீம்பால் வருகிற முதல் நாட்களில் பச்சைக் குழந்தைக்கு முதலில், மூத்ததற்குப் பிறகு. நிறுத்தத்தான் வேண்டுமென்றால், பிரசவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். வேப்பிலையை அரைத்துத் தடவி ஒரே நாளில் மறக்கடிப்பதும் தம்பி பிறப்பதும் ஒரே வாரத்தில் வந்தால் அந்தப் பிஞ்சு என்ன நினைக்கும்?

இன்னொன்றும் பலர் மறந்துவிடுவது. 16 முதல் 24 மாதத்துக்குள் மூத்ததற்குத் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் ஊசியும், முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட வேண்டும். தாய் மசக்கையும் பிரசவமுமாக இருக்கிற சமயத்தில்தான் அது வரும். சின்னதின் அட்டையை எடுக்கும்போது பெரியதின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். அங்கன்வாடியில் சின்னதை எடை போட்டால், பெரியதையும் தராசில் நிறுத்தச் சொல்லுங்கள். எடை ஏறாமல் இரண்டு மாதம் நின்றாலோ, பாதம் வீங்கினாலோ, விளையாடாமல் சுருண்டு கிடந்தாலோ டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

அடுத்தது மடி. இதைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுக்கு வருகிற நல்லவர்கள்தான்! எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்திருந்தது. மூத்தவளுக்கு இரண்டரை வயது. பார்க்க வந்த ஒரு மாமி, அவள் கன்னத்தைக் கிள்ளி, "என்னடி ராஜாத்தி, இனிமே உனக்கு இந்த வீட்டிலே மவுசு இல்லே. அம்மா மடி தம்பிக்குத்தான்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மெல்ல நகர்ந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சாயந்திரம் அந்தப் பெண் என்னிடம், "அக்கா, ரெண்டு நாளா சோறே இறங்க மாட்டேங்குது இவளுக்கு. வாயிலே வச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கா. நேத்து தூளியிலே இருந்த பிள்ளை காலைக் கடிச்சிட்டாக்கா" என்று கண் கலங்கினாள்.

"பாப்பாவை என்கிட்டே குடும்மா. நீ அவளைத் தூக்கி மடியிலே போட்டுக்க. ஒண்ணும் சொல்லாதே, சோறுன்னு பேச்சே எடுக்காதே" என்றேன்.

அவள் மடியில் படுத்து விரல் சூப்பினாள் பெரியவள். பத்து நிமிஷம் அப்படியே கிடந்தாள். அன்று ராத்திரி நாலு வாய் இறங்கியது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். கடிப்பது நிற்க மூன்று வாரம் ஆயிற்று. ஆனால், தினமும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் தவறவில்லை.

இந்தப் பத்து நிமிஷத்துக்கு வீட்டுக்காரர்களின் உதவி வேண்டும். சாதாரணமாகச் சின்னது அம்மாவிடம் இருக்கும், அப்பா பெரியதைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார். நல்லதுதான். ஆனால் தினம் ஒரு தடவை அதைத் திருப்பிப் போடுங்கள். பால் குடித்து முடித்த குழந்தையை அவர் தோளில் போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் பெரியதோடு இருங்கள். வேறு வேலை எதுவும் அப்போது வேண்டாம்.

கிள்ளினால், கடித்தால் அடிக்காதீர்கள். 'பெரியவர்கள் சின்னவர்களை அடிக்கலாம் போலிருக்கு' என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு வலிக்கும். அடிக்க விட மாட்டேன். கோபம் வந்தா அம்மாகிட்டே வா" என்று சொல்லி விலக்குங்கள், போதும். படுக்கையை நனைத்தால் கேலி வேண்டாம். அதுவே நிற்கும். தம்பியைப் போல் நானும் பால் குடிக்கிறேன் என்று வந்தால் திட்டித் தள்ளாதீர்கள். பெரும்பாலும் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு ஓடிப்போகும்.

எவ்வளவு அன்பான குழந்தையானாலும் பச்சைக் குழந்தையோடு தனியே விட்டுப் போகாதீர்கள். அடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. பாசத்தோடு வாயில் முறுக்கு வைக்கும், குளிருமே என்று முகத்தை மூடும், தூளியை வேகமாக ஆட்டும். அதனால் கூட ஒரு பெரியவர் இருக்க, சின்னச் சின்ன வேலை கொடுங்கள். துணி எடுத்து வா, பவுடர் டப்பா எடுத்து வா, தம்பிக்குப் பாட்டுப் பாடு. செய்து முடித்ததும் பத்துப் பேர் காதில் விழ மெச்சுங்கள்.

பிரசவத்துக்கு முன்னும் சில காரியம் உண்டு. இரண்டு வயதுக்கு மாதக் கணக்குப் புரியாது. வயிறு தெரிய ஆரம்பித்ததும், "பொங்கல் வந்து போனதும் பாப்பா வரும்" என்பதுபோல் சொல்லுங்கள். "விளையாட ஆள் வரும்" என்று ஆசை காட்டாதீர்கள். வந்தது தூங்கி அழுவதைப் பார்த்து ஏமாந்து போகும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அது தூங்கும் சமயம் பார்த்து நைசாக நழுவாதீர்கள். "அம்மா போய்ட்டு வந்துடுவேன், நீ பாட்டிகூட இரு" என்று சொல்லிவிட்டே போங்கள். அழும். அழுதாலும், அம்மா சொன்னபடி வந்தாள் என்ற நம்பிக்கை இருக்கும். படுக்கையை மாற்றுவது, பால்வாடியில் சேர்ப்பது இவற்றையும் பிரசவத்தோடு சேர்க்காமல் இரண்டு மாதம் முன்போ பின்போ செய்யுங்கள்.

வருகிறவர்களின் வாயைக் கட்ட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆனால், "மவுசு இல்லே" என்று யாராவது சொன்ன அந்த நிமிஷமே, பெரியதைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "எங்க வீட்டு முதல் குழந்தை இவதானே, இவளுக்கு எப்பவும் இடம் உண்டு" என்று சிரித்துக்கொண்டே நீங்கள் சொல்லலாம். வந்தவருக்கும் புரியும், குழந்தைக்கும் புரியும்.

இனிமேல் இரண்டாவதுக்கு யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதமாவது கழித்து அடுத்ததை உண்டாவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் அடுத்தது பிறக்கும்போது மூத்ததற்கு மூன்று வயது நெருங்கியிருக்கும். பால் மறந்திருக்கும், பசித்தால் வாய் திறந்து கேட்கும். தாயின் உடம்பும் தேறியிருக்கும்.

கடிதம் எழுதிய மூன்று சகோதரிகளும் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். மூத்ததற்குத் தனியாக ஒரு கிண்ணம் பருப்பு எடுத்து வையுங்கள். சின்னது தூங்கியதும் துணி மடிக்க ஓடாமல் பெரியதை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அடுத்த இதழில், சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்காமல் உட்காரும் குழந்தைகளைப் பற்றிப் பேசுவோம்.