திரை சுருங்கினால் பாடமும் சுருங்குமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், இணையவழிப் பயிற்சிநெறி ஒன்றுக்குத் தமிழில் பாடங்கள் எழுதித் தருமாறு என்னைக் கேட்டார்கள். பிராந்தியச் செய்தியாளர்களுக்கான பயிற்சி அது. நீதிமன்றச் செய்திகளின் சட்ட வரம்புகள், தேர்தல் காலச் செய்தியிடல், பரவும் படங்களின் உண்மையைச் சோதித்தல் என்று எல்லாம் பயனுள்ள விடயங்கள்தாம். நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். தயாரான பாடங்களைக் கொழும்பில் ஒரு மண்டபத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம், கீழே பொத்தான்கள். அழகாகவே இருந்தது. "இது எந்தத் திரைக்கும் தானாகவே பொருந்தும்" என்றார் வடிவமைப்பாளர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பயிற்சி தொடங்கி இரண்டாவது வாரம் வன்னியிலிருந்து ஒரு செய்தியாளர் அழைத்தார். இருபது வருடங்களுக்கு மேலாகச் செய்தி அனுப்பி வருபவர். "அண்ணை, நீதிமன்றப் பாடத்திலை கடைசிக் கேள்விக்கு மூண்டு விடைதான் கிடக்கு. மூண்டும் பிழை. மூண்டு தரம் செய்துபாத்திட்டன், பெயில் எண்டுதான் வருது. எனக்குத்தான் விளங்கேல்லைப் போல" என்றார்.

நான் எழுதியவை நான்கு விடைகள். சரியான விடை நான்காவது. அவருடைய கைத்தொலைபேசியில் அது திரையின் கீழ் விளிம்புக்கு அப்பால் போய்விட்டிருந்தது. விரலால் எவ்வளவு தள்ளியும் மேலே வரவில்லை.

சில மாதங்களின் பின் அந்தப் பயிற்சி பற்றிய அறிக்கையைப் படிக்க நேர்ந்தது. பலர் இடையில் விலகிவிட்டனர் என்றும், "பிராந்தியச் செய்தியாளர்களிடையே ஆர்வம் குறைவாக உள்ளது" என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. விலகியவர்கள் எந்தத் திரையில் படித்தார்கள் என்ற கேள்வி அந்த அறிக்கையில் எங்கும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வரிதான். திரைக்குப் பொருந்தாத பாடத்தின் பிழை கடைசியில் படிப்பவர் தலையில் சுமத்தப்படுகிறது. அவரும் தமக்குத்தான் விளங்கவில்லை என்று நம்பி ஒதுங்கிவிடுகிறார். இதற்குப் பின்னால் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. கணினித் துறையினர் மாத்திரமல்ல, எழுதுபவர்களும் பணம் கொடுப்பவர்களும் சேர்ந்தே அவற்றை வளர்த்து வைத்திருக்கிறோம்.

திரையின் அளவுக்கேற்பப் பக்கம் தன்னை மாற்றியமைத்துக் கொள்ளும் முறையை ஆங்கிலத்தில் 'ரெஸ்பொன்சிவ் டிசைன்' என்பார்கள். அமெரிக்க வடிவமைப்பாளரான ஈதன் மார்க்கொட், 2010 மே மாதத்தில் 'எ லிஸ்ற் அபார்ட்' என்ற இணைய இதழில் எழுதிய கட்டுரையின் மூலம் இந்தப் பெயர் பரவியது. பக்கத்தின் பகுதிகளை நிலையான அளவில் வைக்காமல் விகிதத்தில் வைப்பது, படங்களை நெகிழ விடுவது, திரையின் அகலத்தைக் கேட்டறிந்து அமைப்பை மாற்றுவது ஆகிய மூன்றையும் அவர் ஒன்றிணைத்தார். முறை நல்லது. அதைப் பற்றிய நம்பிக்கைகளில்தான் கோளாறு.

முதலாவது தவறான எண்ணம்: கருவியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது. பாடம் தயாரிக்கும் மென்பொருள்கள் பலவும் இன்று இந்த வசதியுடன்தான் வருகின்றன. அருகருகே இருப்பவற்றைச் சிறிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். ஆனால் எது முதலில் வரவேண்டும், எது எதனோடு சேர்ந்து நிற்கவேண்டும் என்பதை மென்பொருள் அறியாது. "வலப்பக்கத்திலுள்ள படத்தைக் கவனியுங்கள்" என்று நானே ஒரு பாடத்தில் எழுதியிருந்தேன். கைத்தொலைபேசியில் வலப்பக்கம் என்று ஒன்று இல்லை. படம் இரண்டு பந்திகள் தாண்டிக் கீழே கிடந்தது. பெரிய திரையில் உண்மையாக இருந்த என் வாக்கியம் சிறிய திரையில் பொய்யாகிவிட்டது. அந்தப் பிழை கருவியுடையது அன்று, என்னுடையது. சில கருவிகளில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சுற்றியுள்ள சட்டகம் மட்டும் திரைக்கேற்ப மாறும். உள்ளே இருக்கும் பாடப்பக்கம் ஒரு புகைப்படத்தைப் போல அப்படியே சுருங்கும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

இரண்டாவது, பெரியதைச் சுருக்கினால் சிறியது வந்துவிடும் என்ற எண்ணம். பத்திரிகைக்காரர் எவரும் இதை நம்பமாட்டார். லண்டன் 'கார்டியன்' பத்திரிகை 2005இல் அகலத் தாளிலிருந்து பேர்லினர் அளவுக்கும், 2018இல் அதனிலும் சிறிய டெப்லொயிட் அளவுக்கும் மாறியது. இரண்டு தடவையும் பழைய பக்கத்தைச் சுருக்கி அச்சிடவில்லை. முழுப் பத்திரிகையையும் புதிதாக வடிவமைத்தார்கள். தாள் சிறுத்தாலும் வாசகரின் கண் சிறுப்பதில்லை என்பது அச்சுக்கூடத்தின் பழைய பாடம். ஆறு நிரல் கொண்ட அட்டவணை ஒன்றைக் கைத்தொலைபேசிக்குள் அடக்கும்போது அந்தப் பாடம் மறந்துபோகிறது.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கோபமூட்டுவது. கைத்தொலைபேசியில் படிப்பவர் அவசரக்காரர், பஸ்ஸில் போகும்போது பார்ப்பவர், அவருக்குச் சுருக்கம் போதும் என்ற எண்ணம். கணினியும் கைத்தொலைபேசியும் இரண்டும் உள்ள ஒருவருக்கு இது ஓரளவு பொருந்தலாம். நமது நாட்டின் நிலை வேறு. 2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில், இலங்கையில் நான்கில் ஒரு வீட்டில்கூடக் கணினி இருக்கவில்லை. மலையகத் தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். தாயின் அல்லது தந்தையின் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. 2021இல் பதுளை மாவட்டத்தில் மாணவர்கள் சமிக்ஞை தேடி மலையேறியும் மரமேறியும் பாடம் படித்த காட்சியை உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. மரத்தின் மேல் ஏறியாவது படிக்க முயன்ற பிள்ளையை அவசரக்காரர் என்று எப்படிச் சொல்வது? பாடத்தைக் குறைத்துக் கொடுப்பதும் ஏழைக்கு அரைப் பாடம் போதும் என்று சொல்வதும் ஒன்றுதான்.

குறைப்பதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. செய்தியின் முக்கியமான விடயத்தை முதற்பந்தியில் சொல்லி, பின்வருவனவற்றைத் தகுதிப்படி அடுக்குவது நமது தொழிலின் அரிச்சுவடி. சிறிய திரை கேட்பதும் அதுவே. எதையும் எறியத் தேவையில்லை. எது முன், எது பின் என்று முடிவெடுக்க வேண்டும். பெரிய திரையில் அந்த முடிவை எடுக்காமலே தப்பித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிவிட்டால் போதும். சிறிய திரை அந்தச் சோம்பலைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நான்காவது, சிறிய திரையில் வேண்டாதவற்றை மறைத்துவிட்டால் போதும் என்பது. கண்ணுக்கு மறைத்தவை பல வேளைகளில் தரவாக இறங்கியே தீரும். பெரிய திரைக்கென்று வைத்த படத்தை வெறுமனே மறைத்தால், பார்க்கவே கிடைக்காத அந்தப் படத்துக்கும் வாசகர் தமது டேட்டாவைச் செலவிடுகிறார். றீலோட் போட்டுப் படிக்கும் ஒருவருக்கு அது காசு.

ஐந்தாவது, இன்ன இன்ன கைத்தொலைபேசிக்கு இன்ன அளவு என்று பட்டியல் போட்டு வடிவமைப்பது. கடைக்கு வரும் மாதிரிகளைத் துரத்திப் பிடிக்க எவராலும் முடியாது. நல்ல வடிவமைப்பாளர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். திரையை மெல்ல மெல்ல ஒடுக்கிக்கொண்டு போய், பாடம் எந்த இடத்தில் குலைகிறதோ அந்த இடத்தில் அமைப்பை மாற்றுகிறார்கள். அளவைத் தீர்மானிப்பது பாடம். கைத்தொலைபேசி நிறுவனம் அல்ல. அலுவலகக் கணினியின் ஜன்னலை ஒடுக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டவும் கூடாது. கணினியில் சுட்டியை ஒரு சொல்லின் மேல் வைத்தால் விளக்கம் தோன்றும். விரல் அப்படி மேலே மிதந்து நிற்காது. படத்தை இழுத்துச் சென்று உரிய இடத்தில் விடும் பயிற்சியில், இழுக்கும் விரலே படத்தை மறைத்துவிடும். மலிவான ஒரு கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு, வெயிலில் நின்று, பலவீனமான சமிக்ஞையில் ஒரு பாடத்தை முழுதாக முடித்துப் பார்க்கவேண்டும்.

ஆறாவது, இந்த ஏற்பாடெல்லாம் கைத்தொலைபேசிக்கு மாத்திரம் என்பது. ஐம்பதைத் தாண்டிய என் போன்றவர்களின் கண்கள் இதை மறுக்கும். 1280 அலகு அகலமான கணினித் திரையில் எழுத்தை 400 வீதம் பெருப்பித்தால், பக்கத்துக்குக் கிடைப்பது 320 அலகுதான். ஒரு சிறிய கைத்தொலைபேசியின் அகலம் அது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி, வரைபடம், அட்டவணை போன்ற சில விலக்குகள் தவிர, அந்த 320 அலகிலும் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்கக்கூடியதாக உள்ளடக்கம் இருக்கவேண்டும் என்கிறது. கைத்தொலைபேசிக்காரருக்குச் செய்த நன்மை பார்வை குறைந்தவருக்கும் போய்ச் சேர்கிறது.

இவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கென்று சில தனித்த சங்கடங்களும் உள்ளன. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் 'நெக்ஸ்ற்' என்று முடியும் பொத்தானில் "அடுத்த பகுதிக்குச் செல்க" என்று நாம் எழுதுகிறோம். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் அது அடங்காது, பாதி வெட்டுப்படும். "அடுத்து" என்றாலே போதுமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நமது சொற்கள் வேற்றுமையும் விகுதியும் சேர்ந்து நீள்பவை. ஒடுக்கமான திரையில் ஒரே சொல் முழு வரியையும் பிடிக்கும், சிலவேளை வெளியேயும் வழியும். அச்சில் ஒரு கொலத்துக்குள் சொல்லைப் பிரிக்க நமக்குத் தெரிந்திருந்தது. புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது என்பது அச்சுக்கோப்பவர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். இணையப் பக்கத்தை அமைப்பவருக்கு அதை யாராவது சொல்லவேண்டும். சொல்லக்கூடியவர்கள் நாம்தான்.

இன்னொன்று, பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததைப் படமாக்கி ஒட்டிவிடும் பழக்கம். படத்துக்குள் சிறைப்பட்ட எழுத்து திரைக்கேற்ப வரி மடிவதில்லை. அதைத் தேடவும் முடியாது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டவும் முடியாது. தமிழ்ப் பாடம் சிறிய திரையில் நெகிழவேண்டுமானால் அது முதலில் யுனிகோட் எழுத்தாக இருக்கவேண்டும்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எல்லாம் முடிந்தபின் திருத்தினால் செலவுதான். ஆனால் வடிவமைப்பு தொடங்குமுன் பாடத்தை ஒற்றைக் கொலத்தில் மேலிருந்து கீழாக எழுதி, அதைக் கைத்தொலைபேசியில் வாசித்துப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. அந்த வாசிப்பில் விளங்காத பாடம் பெரிய திரையிலும் விளங்கியிருக்காது. அலங்காரம் அதை மறைத்திருக்கும், அவ்வளவுதான். பயிற்சிக்குப் பணம் தருவோர் ஒரு நிபந்தனை வைக்கலாம்: ஒப்படைக்கும் நாளில் மண்டபத்துப் பெரிய திரையில் காட்டவேண்டாம், பயிற்சி பெறப்போகும் ஒருவரின் கையிலுள்ள கைத்தொலைபேசியில் காட்டுங்கள் என்று. அறிக்கை எழுதுவோர், விலகியவர்களின் ஆர்வத்தை அளக்குமுன் அவர்கள் கண்ட திரையை ஒருமுறை பார்க்கட்டும்.

வன்னிச் செய்தியாளருக்கு அன்று நான்காவது விடையைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "இது எனக்கு எப்பவோ தெரியுமே அண்ணை" என்றார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் இன்றுவரை சித்தியடையாதவர்தான்.