விமானி அறையில் ஓர் அமானிதம்



பெருமுக்கல் மலையடிவாரத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் சிறுவர்களிடம், பெரியவனானால் என்னவாக வேண்டும் என்று கேட்டால், "விமானி" என்று சொல்பவர் இன்று குறைவில்லை. அண்மையிலுள்ள புதுச்சேரி விமான நிலையம் அந்த ஆசையை மேலும் அருகில் கொண்டுவந்திருக்கிறது. அங்குள்ள ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர் நீளமே. பெரிய ஜெட் விமானங்கள் இறங்க இயலாது. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் அங்கிருந்து தொடங்கப்பட்ட சேவைகளில் பறப்பவை, உந்துவிசிறி பூட்டிய ஏடிஆர் விமானங்களே. சிறு நகரங்களை இணைக்கும் இத்தகைய சேவைகளில் பணியைத் தொடங்கும் இளைஞர்கள் பலர். நம் மஹல்லாக்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருப்பார்கள். இருக்க வேண்டும் என்றே நாம் விரும்புகிறோம்.

ஆனால் அந்தப் பணியின் இயல்பை நாம் அறிந்திருக்கிறோமா? நெடுந்தூர விமானி ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குவார். வட்டார விமானியோ ஒரே நாளில் நான்கு முறைகூட ஏறி இறங்க நேரும். மிகுந்த விழிப்பைக் கோருபவை ஏற்றமும் இறக்கமுமே. பறக்கும் உயரமும் குறைவாதலால் மேகமும் மழையும் அவருக்கு அடிக்கடி எதிர்ப்படும். எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் அவர் பின்னே அமர்ந்திருக்கும்.

இந்நிலையில் ரமலான் வருகிறது. நள்ளிரவு கடந்து சஹருக்கு எழுந்து, விடியலில் பணிக்குச் சென்று, நீரின்றி நான்காம் இறக்கத்தைச் செய்யும் பிள்ளையை, "நோன்பை விடாதவன்" என்று நாம் புகழ்கிறோம். நோன்பை விட்டவனையோ ஜாடையாகப் பேசுகிறோம். இது சரியா என்பதே நம் கேள்வி.

பயணிக்கும் நோயாளிக்கும் வேறு நாட்களில் நோன்பு நோற்கும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாக வழங்குகின்றன. மக்கா வெற்றியின் ஆண்டில், ரமலான் பயணத்தின்போது மக்கள் சிரமப்படுவதை அறிந்த நபி (ஸல்) அவர்கள், அனைவரும் காணும்படி நீர் அருந்தி நோன்பை விட்டார்கள். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு என்று எவரும் எண்ணாதிருக்கவே அது பகிரங்கமாக நிகழ்ந்தது என்று நாம் புரிந்துகொள்கிறோம். 2024 ரமலானில் பாகிஸ்தான் தேசிய விமான நிறுவனமும், பணியில் பறக்கும்போது நோன்பு நோற்க வேண்டாம் என்று தன் விமானிகளை அறிவுறுத்தியது.

"கொத்தனார் வெயிலில் நோன்பு வைக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். வைக்கிறார், அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. ஆயினும் அவர் தளர்ந்தால் வேலையை நிறுத்தி நிழலில் அமரலாம். நடுவானில் இருப்பவருக்கு அந்த நிழல் இல்லை. அவர் சுமப்பது பிறருடைய உயிர் என்னும் அமானிதம்.

பசியைவிடப் பெரிய பகை சோர்வு. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே ஒரு வட்டார விமானம் விழுந்து, தரையிலிருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். வேகம் குறைந்தபோது தலைமை விமானி தவறாகச் செயல்பட்டதே முதற்காரணம் என்று விசாரணை கூறியது. இருவருடைய சோர்வையும் அது சுட்டிக்காட்டியது. துணை விமானி குறைந்த ஊதியத்தில் இருந்தவர். நாட்டின் மறுகோடியிலுள்ள வீட்டிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார்; உடல்நலமும் இல்லை. வந்துவிட்ட பின் விலகினால் விடுதிச் செலவு தம் தலையில் விழும் என்று அவர் பேசியது ஒலிப்பதிவில் இருந்தது. "என்னால் இயலாது" என்று சொல்வதற்கும் ஒரு விலை இருந்தது.

நம் நாட்டிலும் அந்த விலை உண்டு. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தும் விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த பின், 2025 டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் போதிய விமானிகளின்றி ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. சில விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தவும்பட்டன. ஓய்வு செலவாகத் தோன்றும் உலகில், சோர்வைச் சொல்லத் துணிவு வேண்டும்.

அத்துணிவை இளைஞனுக்கு முதலில் அளிக்க வேண்டியவர்கள் நாம். இருநூறு மணி நேரம் பறந்து உரிமம் பெறுவதற்குள் குடும்பத்தின் நகையும் நிலமும் கரைந்துவிடுகின்றன. கடனைச் சுமந்தவன் மேலதிகாரியிடம் "இன்று இயலாது" என்று எளிதில் சொல்வதில்லை. ஆகவே, பயிற்சிக்கு வழியின்றி நிற்கும் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் திரட்ட ஜமாஅத்துகள் முன்வரட்டும். நோன்பை விட்டவனை, "களா எப்போது வைக்கிறாய்?" என்று அன்போடு கேட்பதோடு பெற்றோர் நின்றுகொள்ளட்டும். பயணியின் சலுகைகளை ஆலிம்கள் ரமலானுக்கு முந்தைய ஜும்ஆவிலேயே எடுத்துரைக்கட்டும்.

நோன்பை வேறொரு நாளில் நிறைவேற்றலாம். இழந்த உயிரை எந்த நாளிலும் மீட்க முடியாது.

அமானிதத்தைப் பேணுவோராக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.