டைமிங் இருக்கட்டும், சுகர் எவ்வளவு?

சென்னையில ஞாயித்துக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு மெரினா பக்கமோ பெசன்ட் நகர் பீச் பக்கமோ போய்ப் பாத்திருக்கீங்களா மக்களே? கலர் கலரா டீசர்ட், கையில வாட்ச், இடுப்புல தண்ணி பெல்ட்டுன்னு ஒரு பெருங்கூட்டம் வேர்த்து விறுவிறுத்து ஓடிக்கிட்டிருக்கும். எட்டு வருஷமா அந்தக் கூட்டத்துல அடியேனும் உண்டு. வயசு 46. வேகத்தைப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க. ஆமை நம்மள முந்தாது, அவ்வளவுதான் :-)

இந்தக் கூட்டத்துல ரெண்டு பேர் சந்திச்சா வர்ற முதல் கேள்வி, "போன ஹாஃப் என்ன டைமிங்?" ரெண்டாவது கேள்வி, என்ன ஷூ. மூணாவது, முட்டி எப்படி இருக்கு. எட்டு வருஷத்துல ஒருத்தர்கூட இன்னொருத்தரைப் பார்த்து "உங்க ஹெச்பிஏ1சி எவ்வளவு?"ன்னு கேட்டு நான் பாத்ததில்ல. என் ஆதங்கமெல்லாம் இதுதான்.

தெரியாதவங்களுக்காக: ஹெச்பிஏ1சிங்கிறது கடந்த ரெண்டு மூணு மாசத்து சர்க்கரையோட சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை. 5.7க்குக் கீழ இருந்தா நல்லது. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம். 6.5ஐத் தொட்டா உள்ள வந்து உக்காந்தாச்சு. முன்னாடி நாள் ராத்திரி பட்டினி கிடந்து இதை ஏமாத்த முடியாது. (ரத்தசோகை இருக்கிறவங்களுக்கு இந்த எண் கொஞ்சம் தப்பாக் காட்டலாம். டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதிப் பொழைக்கிறவன்.)

எங்க குரூப்ல ஒரு நண்பர். 48 வயசு. முழு மராத்தான் நாலு மணி நேரத்துக்குள்ள முடிக்கிறவர். தொப்பைன்னா என்னன்னே தெரியாத உடம்பு. இன்சூரன்ஸுக்காக ரத்தம் குடுத்தப்போ 7.8ன்னு வந்துச்சு. மனுஷன் நம்பல. வேற லேப், அப்புறம் இன்னொரு லேப். மூணுலயும் அதே கதை. "நான் ஓடறேனே சார்"னு டாக்டர்கிட்ட திரும்பத் திரும்ப சொல்லியிருக்கார். கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தீங்கன்னு டாக்டர் கேட்டிருக்கார். ஆறு வருஷம் முன்னாடி. ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எதுக்கு டெஸ்ட்டுன்னு விட்டுட்டாராம்.

இந்த "நான் ஓடறேனே" இருக்கு பாருங்க, இது இன்னிக்கு நேத்து வியாதி இல்ல. 1970கள்ல தாமஸ் பாஸ்லர்னு ஒரு அமெரிக்க டாக்டர், மராத்தான் ஓடுறவனுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பே வராதுங்கிற அளவுக்கு அடிச்சுச் சொன்னார். ஓடுறவங்களுக்கு வேற என்ன வேணும், தலையில வச்சுக் கொண்டாடினாங்க. தென்னாப்பிரிக்காவுல டிம் நோக்ஸ்னு இன்னொரு டாக்டர், அவரே பெரிய ஓட்டக்காரர். அவரும் கூட இருந்தவங்களும் 1979ல, இறந்துபோன மராத்தான்காரங்களோட பிரேதப் பரிசோதனையில அடைப்பு இருந்ததை எழுதி அந்தக் கதையை உடைச்சாங்க. 1984ல அமெரிக்காவுக்கே ஓடக் கத்துக்குடுத்த எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸ், 52 வயசுல, ஓட்டத்தின்போதே மாரடைப்பால இறந்தார். அவரோட அப்பா 43 வயசுல இதய நோயால போனவர்.

கதை இதோட முடியல. மத்தவங்க மூடநம்பிக்கையை உடைச்ச அதே டிம் நோக்ஸ், எழுபதுக்கும் மேல மராத்தான், அதுக்கும் மேல நீள ஓட்டமெல்லாம் ஓடினவர், தனக்கே டைப் 2 சர்க்கரை நோய் இருக்குன்னு பின்னாடி கண்டுபிடிச்சார். அவர் அப்பாவுக்கும் அது இருந்துச்சு. தான் எழுதின தடிப் புத்தகத்துல, மாவுச்சத்தை நிறையச் சாப்பிடச் சொன்ன அத்தியாயத்தைக் கிழிச்சுப் போடுங்கன்னு வாசகர்கள்கிட்ட சொன்னார். அதுக்கப்புறம் மாவுச்சத்தே கூடாதுன்னு அடுத்த கரைக்கே போயிட்டார். அவ்வளவு தூரம் அவர்கூட போறதுக்கு நான் தயாரில்ல. ஆனா அப்பா கொடுத்த சொத்து ஓட்டத்தால கரையாதுங்கிறதுக்கு அவரை விட நல்ல சாட்சி கிடையாது.

நம்ம ஊர் கணக்குக்கு வருவோம். 2023ல வந்த ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வு, நம்ம சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் முன்னின்று செஞ்சது. இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் வாசல்ல. இதுல ஒல்லியா இருக்கிறவங்களும் அடக்கம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004ல லான்செட் பத்திரிகையில ஒரு போட்டோ போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ அச்சு அசல் 22.3. உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு பார்த்தா வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2! அதுலயும் ஒரு வேடிக்கை: யுட்கின் மராத்தான் ஓடுறவர், யாஜ்னிக் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடறதுக்குள்ள ஓடிப்போய் ஏறுறவர்னு அவங்களே கிண்டலா எழுதியிருந்தாங்க. ஓட்டத்துக்கு அந்த வித்தியாசத்துல பங்கு இருக்கு, மறுக்கல. ஆனா நம்ம உடம்பு ஒல்லியாத் தெரிஞ்சுக்கிட்டே கொழுப்பை ஒளிச்சு வைக்கிற உடம்பு. டீசர்ட் சைஸை வச்சு முடிவு பண்ணாதீங்க.

என் விஷயம். அப்பாவுக்கு இருபத்தஞ்சு வருஷமா சுகர். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல தயிருக்குப் பக்கத்துல இன்சுலின் இருக்கும். நாலு வருஷம் முன்னாடி கால்ல ஒரு சின்னப் புண்ணு. செருப்பு கடிச்சதுதான். ஆறல. ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்னைப் பாத்து, "உனக்கு இதெல்லாம் வராதுடா, நீதான் ஓடுறியே"ன்னார். அடுத்த நாளே கீழ் மாடி லேப்ல ரத்தம் குடுத்துட்டு வந்தேன். 5.9. அந்த மாசம்தான் என்னோட பெஸ்ட் ஹாஃப் ஓடியிருந்தேன். அப்பாகிட்ட இன்னி வரைக்கும் சொல்லல.

இப்ப சாப்பாட்டுக்கு வரேன். வம்பே இங்கதான் இருக்கு.

ஓடி முடிச்சதும் எல்லா குரூப்பும் நேரா எங்க போகும்? ஓட்டலுக்கு. பொங்கல், ரெண்டு வடை, "பகிர்ந்துக்கலாம்"னு சொல்லி ஆளுக்கொரு நெய் ரோஸ்ட், ரெண்டு காபி. தட்டிக்கேட்டா "10 கே ஓடியிருக்கோம்ல!" சரி, கணக்குப் பாப்போம். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமாரா ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆளு 10 கிலோமீட்டர் ஓடினா 700 கலோரி. மேல சொன்ன மெனு தாராளமா ஆயிரத்தைத் தொடும். ஓட்டல்காரருக்கு நம்ம ஓட்டத்தால நல்ல லாபம்!

இது பத்தாதுன்னு ஜெல். ஒரு மணி நேரத்துக்குள்ள முடியற ஓட்டத்துக்கு ஜெல்லும் கலர் தண்ணியும் எதுக்குங்கறேன்? காலையில உடம்புல இருக்கிற சரக்கே அதுக்கு மேல தாங்கும். 10 கிலோமீட்டருக்காக வியாழக்கிழமையில இருந்து பரோட்டா சாப்பிட்டு "கார்ப் லோடிங்" பண்ணின மகானுபாவரையும் எனக்குத் தெரியும்.

உடனே இன்னொரு கோஷ்டி கிளம்பும். அரிசி விஷம், இட்லி விஷம், எல்லாத்தையும் நிறுத்துன்னு. இவங்களோடவும் எனக்கு ஒத்து வரல. 2019ல வியன்னாவுல ரெண்டு மணி நேரத்துக்குள்ள, 1:59:40ல, மராத்தான் தூரத்தை ஓடிக்காட்டின கிப்சோகே சாப்பிடறது உகாலி. மக்காச்சோள மாவுக் களி. நம்ம ஊர் களிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மாவுச்சத்துதான். ஆனா அவர் வாரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடினவர். நாம 30 ஓடிட்டு அவர் தட்டைப் பாத்து பெருமூச்சு விடலாமா? தப்பு அரிசியில இல்ல, அளவுல இருக்கு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டியில தானியத்துல இருந்து வர்ற கலோரி 45 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. நம்ம சாப்பாட்டுல அது சர்வசாதாரணமா பாதியைத் தாண்டிடும். கம்பும் கேழ்வரகும் நல்லதுதான். ஆனா அதுவும் தானியம்தான் சாமி. "வெள்ளைச் சர்க்கரை இல்ல சார், நாட்டுச்சர்க்கரை"ன்னு மூணு ஸ்பூன் போட்டுக்கிறவங்களுக்கு, வயித்துக்குள்ள போனா ரெண்டும் ஒரே சாதிதான்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

எங்க வீட்ல பெரிய புரட்சியெல்லாம் நடக்கல. இட்லி நாலு ரெண்டாச்சு, பக்கத்துல ரெண்டு முட்டை வந்துச்சு. சாயங்காலம் பிஸ்கட் போய் சுண்டல். மதியம் சோறு ஒரு கரண்டி குறைஞ்சு, பொரியலும் கூட்டும் ரெண்டு மடங்கு. ஞாயித்துக்கிழமை ஓட்டல் உண்டு, ஆனா நெய் ரோஸ்ட்டா பொங்கலா, ஏதாவது ஒண்ணு. காபியில சர்க்கரையை நிறுத்தினதுதான் கொடுமை, மூணு வாரம் கஷாயம் குடிச்ச மாதிரி இருந்துச்சு. தங்கமணிக்கு இதுல பாதி கிரெடிட் குடுக்கலைன்னா இந்தப் பதிவை முடிக்க முடியாது. காய் நறுக்கறது என் டிபார்ட்மென்ட்டுங்கிறதையும் பதிவு பண்ணிக்கிறேன்.

ஓட்டமும் மாறுச்சு. முன்னல்லாம் வாரத்துக்கு மூணு நாள் ஓட்டம், மூணும் மூச்சு முட்ட. இப்ப அஞ்சு நாள், அதுல நாலு நாள் பக்கத்துல ஓடுறவர்கிட்ட ஊர்க்கதை பேசற வேகம். வாரம் ஒரு நாள் மட்டும் நெஞ்சு அடிச்சுக்கிற ஓட்டம். உலகத்தரத்து வீரர்களே பெரும்பாலான நாள் மெதுவாத்தான் ஓடுறாங்க, நூத்துக்கு எண்பது பங்குன்னு ஸ்டீபன் செய்லர்ங்கிற ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கார். நம்மளவங்க மட்டும்தான் தினமும் ஒலிம்பிக் ஃபைனல் ஓடுறாங்க. அதுக்கும் மேல சர்க்கரைக்கு வாரம் ஒரு நாள் வீரத்தை விட தினப்படி அசைவுதான் முக்கியம். வேலை செய்யற தசை, இன்சுலின் தயவு இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கும். அந்தப் பலன் ஒண்ணு ரெண்டு நாள்ல தேஞ்சுடும். அதனாலதான் தசையும் வேணும்: வாரம் ரெண்டு நாள் தண்டால், பஸ்கி. ஓடுறவங்க இதைக் கண்டாலே ஓடறாங்க!

மெதுவா ஓடறது கேவலம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கதை. 1962 கடைசியில பில் பவர்மன்னு அமெரிக்கக் கோச், பின்னால நைக்கி கம்பெனியைச் சேர்ந்து தொடங்கினவர், நியூசிலாந்து போனார். அங்க ஆர்தர் லிடியார்ட், சாதாரண ஜனங்களையும் இதய நோயாளிகளையும் மெதுவா ஓட வச்சுக்கிட்டிருந்தார். பவர்மனும் கூட ஓடினார். எழுபதைத் தாண்டின, மூணு மாரடைப்பு பாத்த ஒரு கிழவர்கூட அவரால ஈடு குடுக்க முடியல. ஊருக்குத் திரும்பிப் போய் 'ஜாகிங்'னு புத்தகமே போட்டுட்டார். அந்தக் கிழவர்கிட்ட யாரும் டைமிங் கேட்டிருக்க மாட்டாங்க.

நம்மூர்லயும் ஆள் உண்டு. சென்னை மேயரா இருந்து 2021ல சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன், நூத்துக்கும் மேல அரை மராத்தான் ஓடினவர். தனக்கு சர்க்கரை இருக்கிறதை மேடையிலயே சொல்றவர். அரசியலை விடுங்க, அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க குரூப்ல எத்தனை பேருக்கு இருக்குன்னு எனக்கே தெரியாது. முட்டி வலியைப் பெருமையா சொல்லுவாங்க, சுகரை ஏதோ களவு பண்ணின மாதிரி மறைப்பாங்க.

பந்தயத்துக்குப் பணம் கட்டினா டீசர்ட், மெடல், பை நிறைய விளம்பரத் தாள்னு ஒரு மூட்டை குடுக்கறாங்க. அதுக்குப் பதிலா ஒரு ரத்தப் பரிசோதனை கூப்பன் குடுத்தா என்ன? டீசர்ட் எங்க வீட்ல ஏற்கனவே வண்டி துடைக்கிற அளவுக்கு இருக்கு. அது நடக்கற வரைக்கும் குரூப்புக்கு குரூப் நாமே வருஷம் ஒரு தரம் சேர்ந்து போய் ரத்தம் குடுக்கலாம். எங்க குரூப்ல இதைச் சொன்னேன். பதினோரு பேர் சரின்னாங்க. ரெண்டு பேர், "தெரிஞ்சா ஓடறதுல இருக்கிற சந்தோஷமே போயிடும்"னு கழண்டுக்கிட்டாங்க. அந்த ரெண்டு பேரை எப்படி வழிக்குக் கொண்டு வர்றதுன்னு ஐடியா இருந்தா சொல்லுங்க, புண்ணியமாப் போகும். அதுல ஒருத்தரோட அண்ணனுக்கு டயாலிசிஸ் ஓடிக்கிட்டிருக்கு.

என் எண் என்ன ஆச்சுன்னு கேக்கறவங்களுக்கு: ஒண்ணரை வருஷத்துல 5.9, 5.6 ஆச்சு. ஹாஃப் டைமிங் நாலு நிமிஷம் கூடிடுச்சு.

டிஸ்கி: சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க இதைப் படிச்சுட்டு நாளைக்கே வெறும் வயித்துல ஓடக் கிளம்பிடாதீங்க. சில மருந்தோட ஓடினா சர்க்கரை சட்டுனு இறங்கி மயக்கம் வரும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு, பாக்கெட்ல கொஞ்சம் குளுக்கோஸ் போட்டுக்கிட்டு, கூட ஒரு ஆளோட கிளம்புங்க.