ஒரு பர்கரை டீபக் செய்த கதை

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது சமையல் குறிப்புப் பதிவு இல்ல. பாதி புலம்பல், பாதி கருத்து. மாட்டுக்கறின்னா முகம் சுளிக்கிறவங்க, அந்த இடத்துல கோழின்னு மாத்திப் படிச்சுக்கோங்க. விஷயம் ரெண்டுக்கும் பொதுதான்.

போன வருஷம் ஆபீஸ் இன்ஷூரன்ஸுக்காக ரத்தப் பரிசோதனை செஞ்சாங்க. எனக்கு வயசு 28. எல்.டி.எல். 162ன்னு வந்துச்சு. டாக்டரம்மா கண்ணாடிய எறக்கிட்டு, "வீட்ல யாருக்காவது இதய நோய் உண்டா?"ன்னு கேட்டாங்க. அப்பாவுக்கு 49 வயசுல ஸ்டென்ட் வச்சது. அதைச் சொன்னதும் அவங்க முகம் மாறிடுச்சு. நம்ம தெற்காசிய வம்சமே ஒரு கூடுதல் ஆபத்துன்னு 2018-ல வந்த அமெரிக்க கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல்லயே எழுதியிருக்காம். அடுத்த கேள்வி, "வாரத்துக்கு எத்தனை தடவை வெளிய சாப்பிடுவ?"

நான் ஜெர்சில பொட்டி தட்டுறவன். ரிலீஸ் வாரத்துல ராத்திரி ஒன்பது மணிக்கு ஆணி புடுங்கி முடிச்சு வெளிய வந்தா, கார் தானா டிரைவ்-த்ருவுக்குத்தான் திரும்பும். உண்மைய சொன்னா திட்டுவாங்களேன்னு "ரெண்டு தடவை"ன்னு சொல்லி வச்சேன். (நாலு.)

சரி, இனிமே பர்கர் வீட்லதான்னு சபதம் எடுத்தாச்சு. முதல் முயற்சியில நல்ல பிள்ளையா கொழுப்பே இல்லாத டர்க்கி கைமா, ஓட்ஸ், பசலைக் கீரை, ஆளி விதை எல்லாம் போட்டுப் பிசைஞ்சேன். சுட்டு எடுத்தா, சாணி வறட்டிக்கு பச்சை பெயின்ட் அடிச்ச மாதிரி ஒண்ணு. ரூம்மேட் மதுரைக்காரன். ஒரு கடி கடிச்சுட்டு, "டேய், இது பர்கர் இல்லடா, தண்டனை"ன்னான். ஒன்பதரை மணிக்கு சாவிய எடுத்துக்கிட்டு டிரைவ்-த்ருவுக்குக் கிளம்பிட்டான். கூடவே நானும் போனேன், அதான் கொடுமை. அன்னிக்கு மட்டும் ஒண்ணுக்கு ரெண்டு பர்கர் உள்ள போச்சு.

அப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. ப்ரோக்ராம் மெதுவா ஓடுதுன்னா, எடுத்த எடுப்புல கோடைத் திருத்தி எழுதமாட்டோம். எந்த ஃபங்ஷன் நேரத்தை முழுங்குதுன்னு மொதல்ல அளந்து பாப்போம். பர்கர் விஷயத்துல நான் அளக்காமலேயே கறி மேல பழிய போட்டுட்டேன்.

உக்காந்து அளந்தேன். கடை பாணியில நான் போடுற பர்கர்ல, அரை பவுண்டு பேட்டி (நேர்காணல் இல்லீங்க, நடுவுல வைக்கிற கறி வட்டு). பாக்கெட்ல 80/20ன்னு போட்டிருந்தா எடையில 20 சதம் கொழுப்பு. 227 கிராம் பச்சைக் கறியில 45 கிராம் கொழுப்பு, அதுல நிறைவுற்ற கொழுப்பு மட்டும் சுமார் 17 கிராம். சுடும்போது கொஞ்சம் உருகி ஓடும், ஆனா எல்லாம் ஓடாது. மேல ரெண்டு செடார் சீஸ் ஸ்லைஸ், அதுல ஒரு 10 கிராம். ஒரு நாளைக்கு உச்சவரம்புன்னு அமெரிக்க உணவு லேபிள்ல வச்சிருக்கிற கணக்கே 20 கிராம்தான். ஃப்ரைஸைத் தொடறதுக்கு முன்னாடியே கோட்டா காலி!

இன்னும் இருக்கு. ரெண்டு டேபிள்ஸ்பூன் மயோனைஸ்ல கிட்டத்தட்ட 20 கிராம் எண்ணெய். கூட குடிக்கிற 591 மில்லி கோலா பாட்டில்ல சுமார் 65 கிராம் சர்க்கரை, அதாவது 16 டீஸ்பூன். காபில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டாலே நம்ம வீட்ல திட்டு விழும்.

ஆக, பிரச்சினை கறிங்கிற ஜாதியில மட்டும் இல்ல. அளவுலயும் கூட வர்ற கூட்டாளிங்க கிட்டயும் இருக்கு. இதுதான் என் கட்சி. பர்கரை பர்கராவே விடுங்க, அளவைக் குறைங்க, கூட்டாளிகளை மாத்துங்க. ஓட்ஸும் கீரையும் போட்டா அது மாறுவேஷத்துல வந்த கட்லட். கட்லட் நல்ல பொருள்தான், ஆனா பர்கர் ஆசைய அது தீர்க்காது. தீராத ஆசை ராத்திரி ஒன்பதரைக்கு சாவிய எடுக்கும்.

"சின்ன பர்கரா? அது பர்கரே இல்ல"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு ஒரு சரித்திரம். 1921-ல கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவுல ஒயிட் கேஸில் ஆரம்பிச்சப்ப வித்தது உள்ளங்கையில அடங்குற குட்டி சதுர பர்கர், விலை 5 சென்ட். மெக்டொனால்ட்ஸோட சாதா ஹாம்பர்கர்ல ஒரு பவுண்டு கறிக்கு பத்து பேட்டி, ஒண்ணு 45 கிராம். பேர்லயே கால் பவுண்டு வச்சிருக்கிற குவார்ட்டர் பவுண்டர் வந்தது 1970களில்தான். அரை பவுண்டு பர்கர்ங்கிறது பாரம்பரியமெல்லாம் இல்ல சாமி, நடுவுல வந்த வீக்கம்.

இப்ப நான் செய்யறது இதான். 85/15 கறி, ஆளுக்கு 85 கிராம். நிறைவுற்ற கொழுப்பு சுமார் 5 கிராம், பழைய கணக்குல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. இன்னும் கொழுப்பு குறைஞ்சதும் கடையில இருக்கு, ஆனா சுட்டா வறண்டுடும். அதுக்காக காளான். பொடிசா நறுக்கி, தண்ணி சுண்டுற வரைக்கும் வதக்கி, ஆறவச்சு ஒரு கைப்பிடி கறியோட கலந்தா ஈரமும் நிக்கும், கறி வாசனைக்கும் துணை போகும். தண்ணி சுண்டாம சேர்த்தா பேட்டி உடையும், அனுபவம்.

உப்பைக் கறிக்குள்ள போட்டுப் பிசையாதீங்க, ரப்பர் பந்து மாதிரி ஆயிடும். கல்லுல போடறதுக்கு முன்னாடி மேல தூவினா போதும். வட்டை பன்னை விட கொஞ்சம் அகலமா, மெல்லிசா தட்டுங்க. சுடும்போது சுருங்கி சரியா உக்காரும். கரண்டியால அழுத்தி சாறைப் பிழியறவங்கள நாடு கடத்தணும்.

கல்லுன்னா, அம்மா ஊர்லேர்ந்து பொட்டியில போட்டு அனுப்பின இரும்பு தோசைக்கல்தான். நல்லா காய்ஞ்சா அதை அடிச்சுக்க ஆளே இல்ல. அதுல என்ன சுடுறேன்னு அம்மாவுக்குத் தெரியாது. நீங்களும் போட்டுக் குடுத்துடாதீங்க :-)

மயோனைஸுக்குப் பதிலா துணியில வடிகட்டின கெட்டித் தயிர், கடுகு சாஸ், பூண்டு, மிளகு. சீஸ் வேணும்னா ஒரு மெல்லிசு ஸ்லைஸ். ஃப்ரைஸ் இடத்துல எலுமிச்சை பிழிஞ்ச முட்டைக்கோஸ், இல்லன்னா கொண்டைக்கடலை சுண்டல். கோலா இடத்துல மோர். சிரிக்காதீங்க, பர்கருக்கும் மோருக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

ஒரே ஒரு விஷயத்துல விளையாடக் கூடாது. முழுத் துண்டுக் கறியில கிருமி மேல்பக்கம் இருக்கும், அரைச்சா உள்ளயும் கலந்துடும். 1993-ல அமெரிக்காவோட மேற்கு மாநிலங்கள்ல சரியா வேகாத ஹாம்பர்கரால ஈ.கோலை பரவி 700 பேருக்கு மேல நோய்வாய்ப்பட்டாங்க, நாலு குழந்தைங்க செத்துப் போனாங்க. அதனால நடுவுல மாட்டுக்கறின்னா 71 டிகிரி செல்சியஸ், கோழி டர்க்கின்னா 74. நிறத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, பழுப்பா இருந்தும் வேகாம இருக்கும். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, ஒரு பர்கர் மீல் காசுக்குள்ளயே வரும்.

"இவ்ளோ மெனக்கெடறதுக்கு பர்கரையே விட்டுடலாமே?"ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறீங்கன்னு தெரியும். நியாயமான கேள்வி. சிவப்புக் கறி புற்றுநோய்க்குக் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்னு 2015-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கு. அதனால இப்ப மாசம் ரெண்டு தடவைதான். ஆனா சுத்தமா விடறேன்னு நான் எடுத்த சபதமெல்லாம் அடுத்த ரிலீஸ் வரைக்கும் கூட தாங்கினதில்ல. நடக்காத நூறு மார்க்கை விட நடக்கிற அறுபது மார்க் மேல்.

ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்தாங்க. எல்.டி.எல். 141. பர்கரால மட்டும்னு கதை விடமாட்டேன், தினமும் நடக்கவும் செய்யறேன். "இன்னும் கூடதான், ஆனா வழி சரி"ன்னாங்க டாக்டரம்மா. இந்தத் தடவை எத்தனை தடவை வெளிய சாப்பிடறேன்னு உண்மையவே சொன்னேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு நம்பரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "எனக்கு இதை எல்லாம் 28 வயசுல யாரும் அளந்து சொல்லலடா"ன்னார்.

ஆரோக்கியமான பர்கர்னு ஒண்ணு கிடையாதுங்க. போன தடவை சாப்பிட்டதை விட பரவாயில்லாத பர்கர்தான் உண்டு. எனக்கு இப்போதைக்கு அது போதும்.

டிஸ்கி: மதுரைக்காரன் இப்ப ரெண்டாவது கேக்குறான். கிடையாது, சுண்டல்தான்னு சொல்லிட்டேன்.